பக்கெட்டுக்குள்ளே பதினெட்டு வருஷம்!

வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து, ஒரு ஸ்பூன் பவுடரை அப்படியே வாயில் போட்டு, அது மேலண்ணத்தில் கெட்டியாக ஒட்டிக் கொண்டு, அம்மா கூப்பிட்டால் 'ம்... ம்' என்று மட்டும் பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால், பீர் எப்படி உண்டாகிறது என்பதில் பாதி விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை நான் தெரிந்து கொண்டது 2019 ஜனவரியில், இங்கிலாந்தின் யார்க்ஷயரில், லீட்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன வீட்டின் சமையலறையில்.

என் பெரியம்மா பையன் அங்கே இருக்கிறான். இரண்டாவது குழந்தை பிறந்திருந்த நேரம். 'மூணு மாசம் வந்து இருடா, உனக்கென்ன ஆபீஸா, லீவா, எங்கே உட்கார்ந்தும் எழுதலாமே' என்று டிக்கெட் எடுத்து அனுப்பினான். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போய் விடுவார்கள், வீட்டில் நான், அண்ணி, கைக்குழந்தை என்று மூன்று பேர்தான். குழந்தை தூங்கும்போது டைப் அடித்தால் சத்தம். விழித்திருக்கும்போது எழுதினால் பாவம். வெளியே போனால் குளிர்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, உனக்குப் பதினைஞ்சு கிலோ தூக்க முடியுமா?" என்று கேட்டார்.

அவருக்கு வயது 74. பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி இல்லை. தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகி கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி இருந்தார். முந்தின மாதம்தான், 2018 டிசம்பரில், அவருக்கு முதல் பேத்தி பிறந்திருந்தாள். அவளுக்காக ஒரு பீர் காய்ச்ச வேண்டும் என்றார்.

"ஸார், ஒரு மாசக் குழந்தைக்கா?" என்றேன்.

"முதல்ல ஸார்னு கூப்பிடறதை நிறுத்து. ராணி எனக்கு இன்னும் பட்டம் எதுவும் குடுக்கலை. ரெண்டாவது, இது இப்ப குடிக்க இல்லை. அவளுக்குப் பதினெட்டு வயசு ஆறப்போ."

இது அவருடைய சொந்தக் கற்பனை இல்லை. இங்கிலாந்தின் பழைய ஜமீன் மாளிகைகளில் வாரிசு பிறந்தால் கடுமையான பீர் ஒன்றைக் காய்ச்சி, பீப்பாயில் அடைத்து, பையன் மேஜர் ஆகிற அன்று (அந்தக் காலத்தில் 21 வயது) திறப்பது வழக்கமாக இருந்தது. நம் ஊரில் பெண் குழந்தை பிறந்தால் பவுன் சேர்க்க ஆரம்பிப்பதில்லையா, அந்த மாதிரி. பவுனுக்கு ஒரு வசதி, அது வெடிக்காது. ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லி விடுகிறேன். தமிழ்நாட்டில் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். இதைப் படித்து விட்டு மேன்ஷன் ரூமில் பக்கெட்டும் கையுமாக மாட்டிக் கொண்டால் ஜாமீனுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். நான் பி.காம்., பி.எல். இல்லை.

*

மேஜை மேல் இரண்டு தகர டின்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோ. திறந்து பார்த்தால் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி, ஸ்பூனை நட்டு வைத்தால் நிற்கிற கெட்டியில் ஒரு பழுப்பு வஸ்து. நக்கிப் பார்த்தேன். சத்தியமாக ஹார்லிக்ஸ்!

"மால்ட் எக்ஸ்ட்ராக்ட்" என்றார் கிழவர்.

நம் வீடுகளில் ராகியை ஊற வைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை விட்டதும் உலர்த்தி, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறார்களே, அதேதான் மால்ட். தானியத்துக்குள் இருப்பது மாவுச்சத்து. முளை விடும்போது செடிக்குச் சாப்பாடு வேண்டும் என்பதால் விதை தனக்குள்ளேயே சில என்ஸைம்களைத் தயார் செய்கிறது. அவை மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும். பார்லியை முளைக்க விட்டு, சரியான நேரத்தில் சூடு காட்டி உலர்த்தி நிறுத்தி விட்டால் மால்ட் ரெடி. அதை உடைத்து, 65 டிகிரி செல்ஷியஸ் வாக்கில் உள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மாவெல்லாம் சர்க்கரையாகி ஒரு தித்திப்பு நீர் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் பீர் காய்ச்ச ஆரம்பிப்பது இந்த இடத்தில். அந்தத் தித்திப்பு நீரைத் தொழிற்சாலையிலேயே எடுத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து அதிகச் சூடு இல்லாமல் தண்ணீரை வற்ற வைத்து, பாகாக்கி டின்னில் அடைத்தால் அதுதான் எக்ஸ்ட்ராக்ட்.

கடையில் விற்கிற பாக்கெட் இட்லி மாவு என்று வைத்துக் கொள்ளுங்களேன். தானியத்திலிருந்து தானே ஆரம்பிக்கிற ஆசார சீலர்கள் அங்கேயும் உண்டு. பாக்கெட் மாவு வாங்கும் மருமகளை மாமியார் பார்க்கிற அதே பார்வையை டின் திறப்பவர்கள் மேல் வீசுவார்களாம். "அவங்களுக்கு ரெண்டு தோளும் நல்லா இருக்கு" என்றார் கிழவர்.

இந்தப் பாகுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. பிரிட்டனில் ஒரு காலத்தில் இதை மீன் எண்ணெயுடன் கலந்து சவலைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். கிழவரும் சாப்பிட்டிருக்கிறார். மால்ட்டுக்காக மீனைப் பொறுத்துக் கொண்டாராம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது பீர் கம்பெனிகள் பட்டினி கிடக்கவில்லை. பட்வைசர் தயாரித்த அன்ஹைசர்-புஷ் கம்பெனியும் பாப்ஸ்ட் கம்பெனியும் மால்ட் பாகு விற்றன. ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் என்று பெயர். அத்தனை ரொட்டி எந்தத் தேசத்தில் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மதுவிலக்கு போன பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது அங்கே பல வருஷம் சட்ட விரோதமாகவே இருந்தது. ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்துப் போட்டு, 1979-ல்தான் மத்திய அரசு அனுமதித்தது. அலபாமா, மிஸிஸிப்பி இரண்டு மாநிலங்களும் மனசு வைத்தது 2013-ல்!

இங்கிலாந்தில் 1880-ல் கிளாட்ஸ்டன் கொண்டு வந்த சட்டப்படி வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் வேண்டும். 1963 பட்ஜெட்டில் நிதி மந்திரி ரெஜினால்டு மாட்லிங் அதை எடுத்து விட்டார். விற்காத வரை வரியும் இல்லை, லைசென்ஸும் இல்லை. பிறகென்ன, 'பூட்ஸ்' மருந்துக் கடையிலேயே பீர் காய்ச்சும் சாமான் விற்க ஆரம்பித்தார்கள். எழுபதுகளில் கிழவர் தலைவலி மாத்திரை வாங்கப் போய் முதல் டின்னோடு திரும்பி வந்தது அப்படித்தான். "மாத்திரை வாங்கினீங்களா?" என்று கேட்டேன். "மறுவாரம் வாங்கினேன். அப்ப தேவைப்பட்டுது."

*

காய்ச்சும் படலம் ஒரு காலை நேரம்.

ஒன்பது லிட்டர் தண்ணீரைப் பெரிய அண்டாவில் சூடாக்கி, கொதி வந்ததும் அடுப்பை அணைத்து விட வேண்டும். அணைத்த பிறகுதான் பாகை ஊற்றிக் கிளற வேண்டும். எரிகிற அடுப்பில் ஊற்றினால் கனமான பாகு நேரே அடியில் போய் உட்கார்ந்து கருகி விடும். பால்கோவா கிளறிய எந்த அம்மாவுக்கும் இது தெரியும். முழுவதும் கரைந்த பின் மறுபடி அடுப்பு. பொங்குவதற்கு முன்னால் எந்த அறிகுறியும் காட்டாது. ஒரு விநாடி சாது, மறு விநாடி ஸ்டவ் முழுக்க நுரை. கிழவர் கரண்டியைக் கொடுத்து, "கண்ணை எடுக்காதே. போன் வந்தாலும் எடுக்காதே" என்றார். பொங்கல் பானை பொங்கினால் நமக்குச் சந்தோஷம். இங்கே பொங்கினால் ஒரு மணி நேரம் ஸ்டவ் துடைக்க வேண்டும்.

பிறகு ஹாப்ஸ். கொடியில் காய்க்கிற ஒரு பூ. பார்க்க மாட்டுத் தீவன உருண்டை மாதிரி அழுத்தி விற்கிறார்கள். 'கோல்டிங்ஸ்' என்ற ரகம், ஐம்பது கிராம் ஆரம்பத்தில், இருபது கிராம் கடைசி பத்து நிமிஷத்துக்கு. முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசனைக்கு. கெட்டுப் போகாமல் காக்கிற குணமும் அதற்கு உண்டு. கொதித்ததில் ஒரு சொட்டு ருசி பார்த்தேன். ஹார்லிக்ஸில் வேப்பம்பூ ரசத்தைக் கலந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஒரு மணி நேரம் கொதித்ததும் அண்டாவைத் தூக்கிக் குளியல் தொட்டியின் குளிர்ந்த தண்ணீரில் வைத்தேன். (பதினைந்து கிலோ என்று சொன்னது இதுதான். படி ஏற வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.) ஜனவரி மாதத்து யார்க்ஷயர் குழாய்த் தண்ணீருக்கு ஐஸ் தேவையில்லை. ஆறின பிறகு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் சேர்த்துப் பத்து லிட்டராக்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டில் ஊற்றினோம். ஆறினதற்கு அப்புறம் படுகிற ஒவ்வொரு சாமானும் கிருமி நாசினியில் முக்கி எடுக்கப்பட வேண்டும். கரண்டியை நான் சிங்க்கில் வைத்து எடுத்ததற்குக் கிழவர் போட்ட சத்தத்தில் என் பாட்டி ஞாபகம் வந்தது. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி!

அடுத்து ஹைட்ரோமீட்டர். பால்காரர்களைப் பயமுறுத்த நம்மூரில் லாக்டோமீட்டர் வைத்திருப்பார்களே, அதன் தம்பி. சுத்தத் தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்திருந்தால் மிதப்பு ஏறும். சாதாரண இங்கிலீஷ் பீர் 1.040-ல் ஆரம்பித்து, சர்க்கரை சாராயமாக மாறி, 1.010-ல் முடியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். சுமார் 3.9. எங்கள் பக்கெட் காட்டியது 1.090! நம் ஊரில் 'ஸ்ட்ராங்' என்று சொல்லிக் குடிக்கிறார்களே, அதற்குச் சட்டப்படி உச்சவரம்பே 8 சதவீதம். இது அதைத் தாண்டப் போகிற ஜாதி.

இனி ஈஸ்ட் போட வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் அடியேனின் திருவிளையாடல்.

*

ஈஸ்ட்டை ஒரு ஆபீஸ் ஸ்டாஃப் என்று நினைத்துக் கொள்ளுங்கள். முதல் நாள் வந்ததும் வேலை செய்யாது. கையெழுத்துப் போட்டு, காற்றைச் சுவாசித்து, இனத்தைப் பெருக்கிக் கொள்ளும். சாதாரண பீர் என்றால் லேசான செக்ஷன், கொஞ்சம் ஸ்டாஃப் போதும். 1.090 என்பது மார்ச் மாதத்து ஆடிட் செக்ஷன். சர்க்கரை அதிகமாக இருப்பதால் ஈஸ்ட்டின் உடம்பிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். ஊறுகாயில் உப்பு மாங்காயை வற்ற வைக்கிறதே, அது போல. அது போதாதென்று தான் தயாரிக்கிற ஆல்கஹாலே அதற்கு விஷம். ஆகவே இரட்டிப்பு ஆள் வேண்டும். பதினோரு கிராம் பாக்கெட் இரண்டு.

உலர்ந்த ஈஸ்ட்டை நேரே போடாமல் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி ஊற வைத்துப் போட்டால் நல்லது. "கெட்டில்லேர்ந்து தண்ணி எடுத்து ஆற வச்சு, வெதுவெதுன்னு ஆனதும் ஈஸ்ட்டைத் தூவு" என்று சொல்லி விட்டுக் கிழவர் மாடிக்குப் போனார்.

கும்பகோணத்துக் காபி குடித்து வளர்ந்த விரலுக்கு எது வெதுவெதுப்பு? தொட்டுப் பார்த்தேன். பொறுக்கிற சூடாகத்தான் பட்டது. தூவினேன். கிழவர் இறங்கி வந்து, எதுவும் பார்க்காமல் எடுத்துப் பக்கெட்டில் ஊற்றினார். மூடியில் தண்ணீர் அடைத்த ஒரு வளைந்த குழாய். உள்ளே உண்டாகிற கரியமில வாயு 'ளொக்... ளொக்...' என்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

மறுநாள் ளொக் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஏதோ மனசில்லாமல் ஒரு ளொக். அப்புறம் ஓரளவு ஓடியது.

டின்னோடு வந்த காகிதத்தை அன்றைக்குத்தான் நான் படித்தேன். 'தண்ணீர் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.' அண்ணியிடம் குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் இருந்தது. அது தாங்காது என்று, சமையலறை தெர்மாமீட்டரை வைத்து என் 'வெதுவெதுப்பை'த் திரும்ப உண்டாக்கி அளந்தேன். 56! முக்கால்வாசி ஸ்டாஃபை நான் ஜாயின் பண்ணுகிற அன்றைக்கே வேக வைத்திருக்கிறேன். மிச்சம் இருந்தவர்கள்தான் மூன்று நாள் பெருகி, கூடுதல் வேலையையும் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

சொல்லவில்லை. ஓடத்தான் ஓடுகிறதே என்று விட்டு விட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஹைட்ரோமீட்டரை முக்கினார். 1.040. ஒரு வாரம் கழித்து மறுபடி. அதே 1.040. சாதாரண பீர் எங்கே ஆரம்பிக்குமோ அங்கே வந்து எங்கள் பீர் படுத்து விட்டது. குளிர் வேறு ஜாஸ்தி. கிழவர் பக்கெட்டைக் கம்பளியில் சுற்றி, 20 டிகிரிக்குக் கொண்டு வந்து, காற்றுப் புகாமல் லேசாக ஆட்டி அடியில் உறங்கிய ஈஸ்ட்டை எழுப்பிப் பார்த்தார். ஒரு வாரத்தில் 1.038. நாலு மணிக்கே பையைத் தூக்கி விட்ட ஆபீஸை அரை மணி உட்கார வைத்த கதைதான்.

பிரச்னை இதுதான். பிப்ரவரி 24 ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குச் சர்ச்சில் பெயர் வைக்கிற சடங்கு. மகன், மருமகள், சம்பந்தி வீட்டார் எல்லோரும் மான்செஸ்டரிலிருந்து வருகிறார்கள். சடங்கு முடிந்து எல்லோருமாகச் சேர்ந்து பாட்டிலில் நிரப்பி, ஆளுக்கு ஒரு பாட்டிலில் லேபில் எழுதி ஒட்டுவது என்று ஏற்பாடு. மகன் லேபில் அச்சடித்தே அனுப்பி விட்டான்.

"பாட்டில் பண்ணிட வேண்டியதுதானே? 6.5 பர்சன்ட் வந்தாச்சே" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதன் அவசரம்.

கிழவர் பதில் சொல்லாமல் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கம் மரத்தில் ஒரு நீளமான வெட்டு. 1976 கோடையில் இவர் அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தவை ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்ததில் ஒரு கண்ணாடித் துண்டு போய்ச் செருகிய இடம். "என் சம்சாரம் அன்னிக்குச் சாயங்காலம் அந்த அலமாரியிலேர்ந்துதான் தொடப்பம் எடுத்தா. எட்டு மணி நேரம் முன்னால வெடிச்சிருந்தா?"

கணக்கு சுலபம். மூடிய பாட்டிலுக்குள் சர்க்கரை மிச்சமிருந்து ஈஸ்ட்டும் விழித்துக் கொண்டால், ஹைட்ரோமீட்டரில் இரண்டு புள்ளி இறங்குவதற்கு ஏறத்தாழ பாட்டிலின் அளவுக்குச் சமமான ஒரு பங்கு வாயு உண்டாகும். சாதாரண பீரில் இருப்பது இரண்டு, இரண்டரை பங்கு. தடித்த கண்ணாடியும் கம்பி கட்டிய தக்கையும் வைத்திருக்கிற ஷாம்பேனிலேயே ஆறு பங்குதான். எங்கள் பீர் 1.038-லிருந்து 1.024-க்கு இறங்க வேண்டியிருந்தால் பதினாலு புள்ளி, அதாவது மேற்கொண்டு ஏழு பங்கு. அதைப் பதினெட்டு வருஷம் ஒரு குழந்தை விளையாடுகிற வீட்டில் படிக்குக் கீழே வைப்பதா?

"ஆனா இது நின்னது நின்னதுதானா, இல்லை நடுவுல தூங்குதான்னு தெரியணும்" என்று ஒரு ஜாம் பாட்டிலில் இருநூறு மில்லி எடுத்து, அதில் புது ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு, ஹீட்டர் பக்கத்தில் வைத்தார். இத்தனூண்டு சர்க்கரைக்கு அத்தனை ஈஸ்ட், நல்ல சூடு. தின்ன முடிந்ததையெல்லாம் நாலே நாளில் தின்று விடும். அது எங்கே நிற்கிறதோ அதுதான் நிஜமான முடிவு. பக்கெட் அதற்கு மேலே நின்றால் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்த 'டிரையல் பாலன்ஸ்'தான்!

பிப்ரவரி 20. ஜாம் பாட்டில் 1.024. பக்கெட் 1.038.

கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு பாக்கெட் போட்டோமே. தேதியும் சரியாத்தானே இருந்தது. நானே எதையோ கோட்டை விட்டிருக்கேன். வயசாச்சு" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. "ஸார், நான்தான். தண்ணி 56 டிகிரி. காபி சூடு. அன்னிக்கே தெரியும், சொல்லலை" என்றேன்.

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். "ஒரு மாசமா எனக்கு மூளை மழுங்கிப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் தம்பி" என்றார். கோபம் இல்லை. ஏதோ டாக்டர் ரிப்போர்ட் நல்லபடியாக வந்த மாதிரி முகம். பிறகு, "போய் அந்த சாஸ்பேனை எடு. இந்தத் தடவை தெர்மாமீட்டரோட" என்றார்.

ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் உலர்ந்த மால்ட் பவுடரைக் கொதிக்க வைத்து, 20 டிகிரிக்கு ஆற்றி, புது ஈஸ்ட் போட்டு, ஒரு நாள் முழுக்கத் தள்ளி விட்டுக் கொண்டே இருந்தேன். ஆல்கஹால் நிறைந்த பக்கெட்டில் சோம்பேறி ஈஸ்ட்டைப் போட்டால் பார்த்த மாத்திரத்தில் மயங்கி விழும். ஏற்கெனவே ஓடிக் கொண்டிருக்கிற கூட்டத்தை நுரையோடு இறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இறக்கினோம். அன்று மாலையே கிழவர் மகனுக்குப் போன் செய்து, பாட்டில் பண்ணப் போவதில்லை என்று சொல்லி விட்டார். எதிர்முனையில் சத்தம் எனக்கே கேட்டது. என் பெயரை அவர் கடைசி வரை சொல்லவில்லை. "ஈஸ்ட் சரியில்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து எல்லோரும் கோட்டும் தொப்பியுமாக வந்து சமையலறையில் பக்கெட்டைச் சுற்றி நின்றார்கள். மருமகள் முகத்தில் சுமுகம் இல்லை. சம்பந்தி அம்மாள் மூக்கைச் சுருக்கினாள். அந்தச் சமயம் பார்த்து குழாய் 'ளொக்' என்றது. அழுது கொண்டிருந்த குழந்தை நிறுத்தியது. மறுபடி 'ளொக்'. பேத்தியைக் கூடையோடு பக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இருபது நிமிஷம் அசையாமல் கேட்டுக் கொண்டிருந்தாள். பிறகு தூங்கி விட்டாள். அத்தனை பேரும் டீயைக் குசுகுசுவென்று பேசியபடி குடித்தார்கள்.

*

மார்ச் மூன்றாவது வாரம். 1.024. மூன்று நாள் விட்டு மறுபடி 1.024. இன்னும் மூன்று நாள் விட்டு அதே. மூன்று தடவை ஒரே எண் வந்தால்தான் கிழவர் நம்புவார். 8.6 சதவீதம். பாட்டிலுக்குள் அளவான வாயு உண்டாக லிட்டருக்கு ஐந்து கிராம் சர்க்கரை சேர்த்து, அரை லிட்டர் பாட்டில்களில் அடைத்தோம். பதினெட்டு பாட்டில். மிச்சம் அடியில் வண்டல்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? இரண்டு டின் சுமார் 20 பவுண்டு, ஹாப்ஸ் 4, ஈஸ்ட் (நான் வேக வைத்தது உட்பட) 8. மொத்தம் 32. பாட்டிலுக்கு ஒன்றே முக்கால் பவுண்டு. அந்த வருஷம் கடையில் இதே கடுமையுள்ள பீர் வாங்கினால் ஒரு பாட்டிலுக்கு அரசாங்க வரி மட்டுமே ஏறத்தாழ ஒரு பவுண்டு! அண்டா தேய்மானம் எழுதவில்லை.

"வருஷத்துக்கு ஒண்ணு திறந்து ருசி பார்க்கலாமா?" என்று கேட்டார் மகன். அந்த நல்ல மனுஷர் அதற்குள் சமாதானமாகி இருந்தார். "பார்க்கலாம், ஆனால் பதினெட்டாவது பிறந்த நாளில் ஸ்டாக் நில்" என்றேன். மூன்று வருஷத்துக்கு ஒன்று என்று முடிவாயிற்று. 3, 6, 9, 12, 15 என்று ஐந்து போக, 2036 டிசம்பரில் பதின்மூன்று இருக்கும்.

பதினெட்டு வருஷம் தாங்குமா? 1968-ல் டார்செஸ்டரில் எல்ட்ரிட்ஜ் போப் என்ற கம்பெனி, நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி இறந்த நாற்பதாவது வருஷத்தை ஒட்டி ஒரு கடும் பீர் காய்ச்சியது. இருபத்தைந்து வருஷம் வைத்திருக்கலாம் என்று பெயர் வாங்கிய சரக்கு அது. ஆனால் அதன் கடுமை எங்களுடையதை விட அதிகம். டின் பாகில் செய்ததற்கு ஆயுள் கொஞ்சம் குறைவுதான். நல்லபடியாகப் போனால் உலர்ந்த திராட்சை, ஷெர்ரி ஒயின் வாசனை. போகாவிட்டால் சைனீஸ் ஹோட்டல் சோயா சாஸ். கிழவர் இரண்டையும் மறைக்காமல் மருமகளிடமே சொன்னார்.

"2036-ல உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தொண்ணூத்தி ரெண்டு. எனக்கும் கூட்டத் தெரியும், அக்கவுன்டன்ட்."

2021 டிசம்பரில் முதல் பாட்டிலைத் திறந்தார்கள். அண்ணன் போனில் சொன்னான், டாஃபி மிட்டாய் மாதிரி இருந்ததாம், கொஞ்சம் தொண்டையில் எரிந்ததாம். 2024-ல் இரண்டாவது. எரிச்சல் போய்த் திராட்சை வந்திருந்ததாம். கிழவர் கோப்பையை மோந்து பார்த்து விட்டு, "காபி வாசனை எதுவும் வரலைன்னு அவன்கிட்ட சொல்லு" என்றாராம்.

படிக்குக் கீழே இருக்கிற பாட்டில்களில் ஒன்றின் மேல் மாஸ்கிங் டேப்பில் என் பெயர் எழுதி இருக்கிறது. அண்ணன் போட்டோ அனுப்பினான். ஸ்பெல்லிங் தப்பு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் '56' என்று போட்டிருக்கிறார் கிழவர்.